செதுக்காமல் விட்டதுதான் இரவு: வாசகர் கேள்வி–பதில்

முதல் உலகப் போரின் நடுவே, 1915–16இல், பாரிஸில் ஃபெலிக்ஸ் வலோத்தோன் செய்த ‘செ லா கேர்!’ என்ற ஆறு மரச்செதுக்கு அச்சுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். பாதிக் கேள்விகள் ஓவியரைப் பற்றியவை. மீதிப் பாதி, ‘அதுபோல நாங்கள் செய்தால் ஏன் வரமாட்டேன் என்கிறது?’ என்பவை. இரண்டையும் கலந்தே தந்திருக்கிறோம்.

கேள்வி: வலோத்தோன் சுவிஸ்காரர் என்று படித்திருக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் என்றும் சொல்கிறார்களே? (வாசகி, புதுச்சேரி)

பதில்: பிறப்பால் சுவிஸ், குடியுரிமையால் பிரெஞ்சு. 1865 டிசம்பர் 28 அன்று லோசான் நகரில் பிறந்தார். பதினாறு வயதில், 1882இல், பாரிஸுக்கு வந்து ஜூலியான் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1900இல் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். ‘நபி’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இளம் ஓவியர் குழுவில் அவரை ‘வெளிநாட்டு நபி’ என்றே கூப்பிட்டார்கள். (எபிரேயச் சொல்; நாம் தீர்க்கதரிசி என்ற பொருளில் வழங்கும் அதே நபிதான்.)

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது அவருக்கு வயது 48. படையில் சேர முன்வந்தார். வயதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். மரச்செதுக்கை 1891இல் தொடங்கி, பத்தாண்டுக்குள் நூற்றுக்கு மேல் செய்துவிட்டு, 1901 வாக்கில் அதை ஏறத்தாழக் கைவிட்டிருந்தார். எண்ணெய் ஓவியம்தான் அப்போது அவருடைய தொழில். மறுபடி கத்தியையும் பலகையையும் எடுக்க வைத்தது போர்.

கேள்வி: தலைப்புக்கு என்ன பொருள்? ஆறு படங்களின் பெயர்கள்? (வாசகர், ஈரோடு)

பதில்: நேர்ப்பொருள் ‘இதுதான் போர்’. ஆனால் பிரெஞ்சு வீடுகளில் அது அலுப்பில் உதிர்க்கும் சொல். நிலக்கரி கிடைக்கவில்லையா, ரயில் வரவில்லையா, காபியில் சர்க்கரை இல்லையா, ‘செ லா கேர்’ என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். ‘போர்னா அப்படித்தான், என்ன பண்றது’ என்று நாம் சொல்வதுபோல. அந்தச் சலிப்பை எடுத்து, ஓர் ஆச்சரியக்குறி போட்டு, பிணங்களின் மேல் ஒட்டியிருக்கிறார் வலோத்தோன். தொகுப்பின் கசப்பு தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

வரிசை: ‘பதுங்கு குழி’, ‘கூத்து’, ‘முள்கம்பிகள்’, ‘இருட்டில்’, ‘காவலாள்’, ‘பொதுமக்கள்’. முதல் இரண்டும் 1915, மற்றவை 1916. ஒவ்வொன்றும் சுமார் 18 செ.மீ. உயரம், 22 செ.மீ. அகலம். நம் ஏ4 தாளைப் படுக்கவைத்தால் அதைவிடச் சிறியது. எண்ணிட்ட 100 தொகுப்புகள் அச்சிடப்பட்டன. சுவரில் மாட்டி எட்ட நின்று பார்க்கும் அளவு அல்ல இது. கையில் எடுத்துக் கண்ணருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: போர்முனையைப் பார்க்காமலேயே போரைச் செதுக்கியிருக்கிறார். அது பிரச்சாரம்தானே? (கல்லூரி ஆசிரியர், மதுரை)

பதில்: பாதி சரி. அவர் போர்முனைக்குப் போனது 1917 ஜூனில், அதாவது இந்த அச்சுகள் முடிந்த பிறகு. 1915இல் பாரிஸில் இருந்தவருக்குக் கிடைத்தவை தணிக்கை செய்த செய்தித்தாள்கள், படப் பத்திரிகைகள், முனையிலிருந்து வந்தவர்கள் சொன்ன கதைகள். ‘கூத்து’ படத்தில் குடித்துப் புரளும் சிப்பாய்கள் ஜெர்மானியர்கள். அன்றைய பிரெஞ்சுச் சுவரொட்டிகள் காட்டிய ஜெர்மானியனுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆறில் இதுதான் பலவீனமானது என்பது நம் கருத்து. பகைவனைக் கேலி செய்ய எடுத்த கத்தி துல்லியமாக இருப்பதில்லை.

‘பொதுமக்கள்’ படத்தை அப்படி ஒதுக்க முடியாது. 1914 ஆகஸ்ட் 23 அன்று பெல்ஜியத்தின் தினான் ஊரில் ஜெர்மன் படை 674 பொதுமக்களைக் கொன்றது. அதே வாரம் லூவேன் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டது. நடந்ததையும் ஊதிப் பெருக்கியதையும் அன்றைய பாரிஸ்வாசி பிரித்தறிவது கடினமாக இருந்தது.

ஆனால் ‘முள்கம்பிகள்’, ‘இருட்டில்’ இரண்டையும் பாருங்கள். கம்பியில் மாட்டிக் கிடக்கும் உடல்கள் எந்தப் பக்கத்தவை என்பது தெரியாது. இருட்டில் கத்தியோடு கட்டிப் புரள்பவர்களிலும் அப்படித்தான். கொடி, சின்னம், வீரம் எதுவும் அங்கே இல்லை. பிரச்சாரத்துக்கு ஆள் அடையாளம் வேண்டும். இந்த இரண்டு பலகைகளிலும் அதை அவர் தரவில்லை.

கேள்வி: ஏன் இவ்வளவு கறுப்பு? பாணிக்காகவா, வேறு காரணம் உண்டா? (ஓவிய மாணவி, கும்பகோணம்)

பதில்: மரச்செதுக்கின் கணக்கு எளியது. பலகையில் தொடாத இடமெல்லாம் மை வாங்கிக் கறுப்பாகும். செதுக்கி எடுத்த இடம் தாளின் வெள்ளையாக நிற்கும். ஆகவே கறுப்புக்கு உழைப்பு தேவையில்லை, வெள்ளைக்குத்தான் தேவை. பேனாவால் இரவை வரைகிறவர் மணிக்கணக்கில் கோடிழுத்து நிரப்புவார். மரத்தில் இரவு என்பது சும்மா விட்ட பலகை.

வலோத்தோன் இதை 1890களிலேயே கண்டுகொண்டார். 1893இல் செய்த ‘கொலை’ என்ற அச்சில் கொல்லப்படுபவரின் முகம் தெரியாது. அதே ஆண்டின் ‘தடியடி’யில் போலீஸ்காரர்கள் கூட்டத்தை அடித்து விரட்டுகிறார்கள். அங்கே தெருவை முழு வெள்ளையாகச் செதுக்கி எடுத்துவிட்டார். விழுந்து கிடப்பவர்கள் வெள்ளைத் தரையில் கறுப்புத் துண்டுகளாகச் சிதறியிருப்பார்கள். பட்டப்பகலில் அரசு செய்யும் வன்முறை என்பதால் வெளிச்சம் தேவைப்பட்டது. போர்த் தொகுப்பில் அது தலைகீழாகிறது. பதுங்கு குழிச் சண்டை பெரும்பாலும் இரவில் நடப்பது. குண்டு வெடிக்கும் நொடியில் மட்டும் ஏதோ தெரியும். அந்த நொடியளவுக்கு மட்டுமே மரத்தை எடுத்திருக்கிறார்.

இதில் இன்னொரு நுட்பம்: அவர் சாம்பல் நிறத்தைத் தொடுவதில்லை. நெருக்கமான இணைகோடுகளால் இடைநிறம் உண்டாக்குவது அன்றைய பத்திரிகைச் செதுக்காளர்களின் அன்றாட வேலை. அவர்கள் வேலை செய்தது மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், பாக்ஸ் மரத்தில், கூர்முனைக் கம்பியுளியால். வலோத்தோன் எடுத்தது நீளவாட்டில் அறுத்த சாதாரணப் பலகை முகம். அது பழைய முறை. ஜப்பானியர்கள் விடாமல் வைத்திருந்த முறை. 1890இல் பாரிஸ் கலைப் பள்ளியில் நடந்த பெரிய ஜப்பானிய அச்சுக் கண்காட்சி அந்தத் தலைமுறைக்கே கண் திறந்தது. இடைநிறம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் பார்வையாளருக்கு ஒதுங்க நிழல் கிடைக்காது.

கேள்வி: முள்கம்பிபோன்ற மெல்லிய வெள்ளைக் கோடுகள் எனக்குப் பிசிறுகின்றன. சந்திக்கும் இடங்களில் மரமே பெயர்ந்துவிடுகிறது. எங்கே தவறு? (அதே மாணவி)

பதில்: முதலில் ஆறுதல்: கறுப்பில் வெள்ளைக் கோடு, வெள்ளையில் கறுப்புக் கோட்டைவிட எளிது. கறுப்புக் கோடு வேண்டுமானால் இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டி, சுற்றியுள்ள மரத்தையெல்லாம் எடுக்க வேண்டும். வெள்ளைக் கோட்டுக்கு வி வடிவ உளியின் ஒரே ஓட்டம் போதும்.

பிசிறுவதற்குக் காரணம் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரி. மரத்தின் ரேகையோடு ஓடும் கோடு சுத்தமாக வரும், ஆனால் உளி ரேகையைப் பிடித்துக்கொண்டு நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். ஆகவே கோடு முடியும் இடத்தில் முதலிலேயே கத்தியால் குறுக்கே ஒரு தடுப்பு வெட்டு போடுங்கள். ரேகைக்குக் குறுக்கே ஓடும் கோட்டில் சிக்கல் வேறு: உளி நாரை வெட்டாமல் கிழித்துத் தூக்கும். இதற்கு, கோட்டின் இரு விளிம்பையும் கத்தியால் மெல்லக் கீறிவிட்டு, பிறகு நடுவில் உளியை ஓட்ட வேண்டும். நேரம் இரண்டு மடங்காகும், வேறு வழியில்லை.

சந்திப்புகள்: இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நான்கு கறுப்பு மூலைகள் மிஞ்சும். உளி அந்த மூலையை நோக்கி வந்தால் மூலை நொறுங்கும். சந்திப்பிலிருந்து வெளிநோக்கிச் செதுக்குங்கள். இரண்டாவது கோட்டை முதல் கோட்டின் மேல் ஒரே ஓட்டமாக இழுக்காமல், சந்திப்பிலிருந்து ஒரு புறமும், மறுபடி அங்கிருந்தே மறுபுறமும் செதுக்குங்கள். கம்பியின் முட்களுக்குத் தனிக் கோடு வேண்டாம். உளி முனையால் அரை மில்லிமீட்டர் அழுத்தி நெம்பினால் போதும்.

ஆழமும் கவனிக்க வேண்டும். 60 பாகை வி உளியில் 1 மி.மீ. அகலக் கோட்டின் ஆழம் 0.9 மி.மீ.கூட வராது. அரை மி.மீ. கோடென்றால் ஆழம் அதிலும் பாதி. மையைத் தடித்துப் பூசினால் மூன்றாவது தாளிலேயே கோடு அடைபடும். கோடு தெரியவில்லை என்று மறுபடி செதுக்கக் கிளம்பாதீர்கள். உலர்ந்த பல்துலக்கியால் மையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோடு அங்கேதான் இருக்கும்.

கறுப்புக் கோடு விட வேண்டிய இடத்தில் (வெளிச்சம் விழுந்த முகத்தில் ஒரு புருவம், ஒரு வாய்) கத்தியைச் சாய்த்துப் பிடியுங்கள். கோட்டின் மேல்முகம் ஒடுங்கியும் அடி அகன்றும், மலைபோல நிற்க வேண்டும். கத்தியை உள்நோக்கிச் சாய்த்து அடியை அரித்துவிட்டால், முதல் அழுத்தத்திலேயே புருவம் போய்விடும்.

கேள்வி: எந்தப் பலகை? தேக்கு சரிவருமா? (தச்சு வேலை தெரிந்த வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஐரோப்பாவில் பேரி மரமும் செர்ரி மரமும் விரும்பப்படுவது, ரேகை நுண்மையாக, கடினம் ஒரே சீராக இருப்பதால். பெரிய கறுப்புப் பரப்பு தட்டையாக விழ இந்தச் சீர்மை அவசியம். தேக்கில் துளைகள் பெரியவை, இளமரமும் முதிர்மரமும் மாறி மாறி மென்மையும் கடினமுமாக வரும். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் விழும், எண்ணெய்த்தன்மை மையையும் தள்ளும். ரேகை தெரியத்தான் வேண்டும் என்றால் தேக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பயன்படுத்தலாம். அது நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் போன்றவர்களின் வழி, வலோத்தோனுடையது அல்ல.

மாணவர்களுக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை மலிவு. ரேகையே இல்லாததால் தட்டையான கறுப்பு அருமையாக வரும். ஆனால் 1 மி.மீ.க்குக் குறைந்த கறுப்புக் கோடு அதில் நிற்காது, பொடிந்துவிடும். செதுக்குமுன் மேல்முகத்தில் ஷெல்லாக் இரண்டு பூச்சு கொடுத்துக் காயவிட்டால் விளிம்பு இறுகும், மை உறிஞ்சுவதும் குறையும். தூசு நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் மணல்தாள் தேய்க்க வேண்டாம். பிளைவுட்டில் மேல்தாள் மெலிதாக இருந்தால் அகன்ற வெள்ளைகளில் அடுக்கு பெயர்ந்துகொண்டு வரும்.

கேள்வி: கறுப்பு முழுதாக விழாமல் உப்பு தூவியதுபோல் வருகிறது. (வாசகர், சேலம்)

பதில்: மூன்று காரணங்களில் ஒன்று: மை போதவில்லை, அழுத்தம் போதவில்லை, பலகை சமமாக இல்லை. எது என்று கண்டுபிடிப்பது சுலபம். புள்ளிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் மை அல்லது அழுத்தம். ஒரே மூலையில் மட்டும் இருந்தால் பலகை அங்கே பள்ளம். அந்த இடத்தின் பின்னால் மெல்லிய தாளை ஒட்டி உயர்த்துங்கள்.

புதுப் பலகையின் முதல் இரண்டு மூன்று தாள்கள் எப்படியும் வெளிறித்தான் வரும். மரம் தன் பங்கு மையைக் குடித்த பிறகே உங்களுக்குத் தரும். அவற்றைச் சோதனைத் தாளாகக் கணக்கில் எழுதிவிடுங்கள். மையைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பி, ரோலர் உருளும்போது பட்டுத்துணி கிழிவதுபோன்ற மெல்லிய சத்தம் வரும்வரை உருட்டுங்கள். ‘சப் சப்’ என்று ஒட்டும் சத்தம் வந்தால் மை அதிகம். ஒரே தடவை தடித்துப் பூசாமல், நாலைந்து முறை மெல்லிசாக, திசை மாற்றிப் பூசுங்கள். அகன்ற வெள்ளைப் பரப்புள்ள பலகைக்கு மென்மையான ரோலர் வேண்டாம். அது பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயும் மை வைத்துவிடும். அந்த இடங்களை 3 மி.மீ. வரை ஆழமாக எடுப்பதும் நல்லது.

ஆஃப்செட் மையைப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. அது பசைத்தன்மை கூடியது, மெல்லிய தாளின் நாரைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு ஸ்பூன் மைக்குச் சில சொட்டு ஆளிவிதை எண்ணெய் சேர்த்து இளக்கலாம். இளகி வழிந்தால் மெக்னீசியம் கார்பனேட் பொடி ஒரு சிட்டிகை.

கையால் தேய்க்கிறவர்களுக்கு நேபாளக் கைத்தாள் போன்ற மெல்லிய, நீண்ட நாருள்ள தாள்தான் ஏற்றது. மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளிநோக்கி, ஏ4 அளவுக்குக் கால் மணி நேரமாவது பொறுமையாகத் தேயுங்கள். ஒரு ஓரத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு மறு ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மறுபடி தேய்க்கலாம்.

பக்கத்தில் பழைய டிரெடில் (காலால் மிதித்து ஓட்டும் இயந்திரம்) அச்சகம் இருந்தால் பலகையின் மொத்த உயரம் ஈய அச்செழுத்தின் உயரமான 23.3 மி.மீ. ஆகும்படி அடியில் அட்டை கொடுத்து ஏற்றலாம். ஆனால் டிரெடில் எழுத்துக்காகப் பிறந்தது. முழுப் பக்கக் கறுப்புக்கு அதன் அழுத்தம் திணறும். உள்ளங்கையளவுப் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரியதைப் போட்டு அச்சகக்காரரின் இயந்திரத்தை உடைத்துவிட்டு எங்கள் பெயரைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: என் அச்சில் சிப்பாய் இடது கையால் சுடுகிறான்! (பள்ளி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: அச்சு எப்போதும் கண்ணாடிப் பிம்பம். படத்தை மெல்லிய தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப்போட்டு, கார்பன் தாளால் பலகைக்கு மாற்றுங்கள். செதுக்கும்போது எதிரே ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொண்டால் அவ்வப்போது சரிபார்க்கலாம். துப்பாக்கி, சட்டைப் பொத்தான், எழுத்து மூன்றும்தான் வழக்கமாக மாட்டிவிடுபவை.

கேள்வி: கோயாவோடும் கொல்விட்ஸோடும் ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார்? (வாசகர், கோவை)

பதில்: போரை அச்சில் காட்டியவர்களின் வரிசை லொரேன் பகுதியின் நான்சி நகரத்து ஜாக் காலோவிலிருந்து தொடங்கும். 1633இல் அவர் வெளியிட்ட ‘போரின் பெருந்துயரங்கள்’ 18 செம்புத் தகடுகள். அமிலத்தால் அரித்த நுண்கோடுகள். ஒரே மரத்தில் கொத்துக் கொத்தாகத் தூக்கில் தொங்குபவர்களை நகத்தளவில் காட்டுவார். எட்ட நின்று பார்க்கும் கண். ஸ்பெயின் ஓவியர் கோயா நெருங்கி வந்தார். 1810 தொடங்கிச் செய்த தகடுகள் அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் 80 படங்களாக வெளிவந்தன. இருவருடையதும் உலோகம், உலோகத்தில் சாம்பல் நிறம் கிடைக்கும், மூடுபனி கிடைக்கும்.

ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் எடுத்தது மரம். மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் இறந்தான். அந்தத் துயரத்தைச் செதுக்க ஏற்ற வழி கிடைக்காமல் திணறியவர், 1920இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகே உளியை எடுத்தார். அவருடைய ‘போர்’ ஏழு அச்சுகள். அதில் போர்க்களமே கிடையாது; பெரும்பாலும் தாய், தந்தை, விதவைதான். வலோத்தோனிடம் அந்த நெருக்கம் இல்லை. அவர் குளிர்ந்தவர். குளிர்ச்சியைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ‘முள்கம்பிகள்’ படத்தை அழுதுகொண்டே செதுக்கியிருந்தால் அது இவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்காது என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

கேள்வி: இணையத்தில் ‘அசல்’ என்று ஒன்று விற்கிறார்கள். எப்படிச் சோதிப்பது? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் நகல், பேச்சு முடிந்தது. மேட்டு அச்சில் (மேடான பரப்பில் மை பூசி எடுப்பது, மரச்செதுக்கும் அதில் ஒன்று) கறுப்பின் விளிம்பில் மை பிதுங்கி ஒரு மெல்லிய கரை கட்டும், தாளின் பின்புறத்தைத் தடவினால் லேசான மேடு தெரியும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. துத்தநாகத் தகட்டு பிளாக்கில் அச்சடித்த பழைய பத்திரிகைப் படத்திலும் அதே கரை, அதே மேடு இருக்கும். ஆகவே படத்தின் அளவை மில்லிமீட்டரில் கேளுங்கள், எண்ணிட்டிருக்கிறதா என்று கேளுங்கள், பின்புறப் புகைப்படம் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: நேரில் போரைப் பார்த்த பிறகு மீண்டும் மரத்தில் செதுக்கினாரா? (வாசகி, கொழும்பு)

பதில்: போர் குறித்து மரத்தில் இல்லை. 1917 ஜூனில் அரசு அனுப்பிய ஓவியர்களில் ஒருவராகச் சில வாரங்கள் ஷாம்பான் பகுதிப் போர்முனைக்குப் போனார். வந்து வரைந்தவை எண்ணெய் ஓவியங்கள்: ஷாலோன் நகரக் கல்லறையின் சிலுவை வரிசைகள், இடிந்த சுவேன் தேவாலயம், மயி முகாமில் செனகல் சிப்பாய்கள். பெரும்பாலும் அமைதியான, பார்க்க அழகான படங்கள். அதில் அவருக்கே திருப்தி இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ‘கலையும் போரும்’ என்ற கட்டுரையில், போரின் விளைவுகளை வரைவதைவிட அதன் விசைகளை வரைவதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும், ஆனால் விசைகளுக்கு வடிவம் கிடையாது, நிறம் அதைவிடக் கிடையாது என்று எழுதினார்.

அதே ஆண்டில் வரைந்த ‘வெர்தன்’ (1916இல் பெரும் சண்டை நடந்த பிரெஞ்சு ஊர்) அந்த விசைகளை வரையும் முயற்சி. ஆளே இல்லாத நிலம், குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஒளிக்கற்றைகள், தீ, நச்சுப்புகை, சாய்ந்து விழும் மழை. சுமார் 115 செ.மீ. உயரம், 146 செ.மீ. அகலம், பாரிஸ் இன்வாலீட் வளாகத்துப் படை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஒளிக்கற்றைகளின் விளிம்பைக் கவனியுங்கள்: தூரிகையால் போட்டதுதான், ஆனால் கத்தியால் வெட்டியதுபோல நேராக, இடைநிறமில்லாமல் முடியும்.